அபயாம்பாளுக்கு டைப் அடித்த கடிதம்

மனித குலத்துக்கு விட்டுச்செல்ல என்னிடம் ஒரு பேருண்மை இருக்கிறது. எனக்கு இருபத்து நான்கு வயதாகிவிட்டது. இனியும் அதை மூடி வைப்பது நியாயமில்லை.

ஒரே சங்கடம், அது பதினேழு வயதில் நானாக இருந்த அனந்தகிருஷ்ணனுக்கு மட்டும்தான் பயன்படும். அவன் அப்போதே யார் பேச்சையும் கேட்கமாட்டான்.

டேய், அந்தக் கடிதத்தை டைப் அடிக்காதே.

அறுபத்திரண்டாம் வருஷம். மாட்டுங்காவில் மாடி மேல் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஏழு மணி பாட்ச் முடியப் போகிறது. நீ உருளையிலிருந்து காகிதத்தை உருவுகிறாய்.

பக்கத்து மெஷினில் அபயாம்பாள். உன்னைவிட இரண்டு வயது பெரியவள். நாளை அவளுக்குப் பரீட்சை, அதற்கப்புறம் வரமாட்டாள். இன்று கொடுத்தால்தான் உண்டு.

கையால் தமிழில் எழுதியிருக்கலாம். ஆனால் நீ பம்பாயில் பிறந்தவன். உன் தமிழைப் பார்த்தால் அவள் தம்பியே சிரிப்பான். இங்கிலீஷிலோ, உனக்குத் தெரிந்த கடிதமெல்லாம் இங்கே சொல்லித்தரும் சந்திரமௌலி சார் பயிற்சிக்கு டிக்டேட் செய்தவை. சிமெண்ட் மூட்டை வரவில்லை, பஞ்சுப் பொதி நனைந்துவிட்டது என்று.

ஆகவே உன் காதல் இப்படி ஆரம்பிக்கிறது: 'அன்புள்ள மேடம், இம்மாதம் பதினான்காம் தேதி தாங்கள் அனுப்பிய புன்னகை நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.'

முடிவில், 'தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறோம்.'

எதிர்பார்க்கிறோமாம். நீயும் உன் டைரக்டர்களும்.

மார்ஜினைச் சரிபார்க்கிறாய். ஒரு பிழை இல்லை. அதையே வீரம் என்று எண்ணிக்கொண்டு காகிதத்தை அவள் மெஷின் மேல் வைக்கிறாய்.

அவள் படிக்கிறாள். காது மடல் சிவக்கிறது. கிழித்துப் போடவில்லை. நீ அதற்குள் மனசுக்குள் தாலி கட்டி முடித்துவிட்டாய்.

அவள் கடைசியாக இடது மூலையைப் பார்க்கிறாள்.

டைப் அடிப்பவன் கையெழுத்துப் போடக் கூடாது என்பது இன்ஸ்டிட்யூட்டின் சட்டம். நாலு வரி இடம் விட வேண்டும். கீழே இடது மூலையில் டிக்டேட் செய்தவரின் இனிஷியல், ஒரு சாய்கோடு, அப்புறம் அடித்தவனின் இனிஷியல்.

ஆறு மாதப் பழக்கம். உன் விரல்கள் உன்னைக் கேட்காமலே அடித்திருக்கின்றன: சந்திரமௌலி சாருடையது, சாய்கோடு, உன்னுடையது.

சார் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷினுக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருக்கிறார். இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை.

"நன்னா அடிச்சிருக்கேடா அனந்து, ஒரு தப்புகூட இல்லை," என்கிறாள் அபயாம்பாள், தலை நிமிராமல். "எனக்குச் சம்மதம்தான்னு சார்கிட்ட சொல்லிடு. ஆத்துக்கு வந்து அப்பாகிட்ட ஜாதகம் கேக்கச் சொல்லு."

என் புத்திமதி இந்த இடத்துக்குத்தான். வாயைத் திற. 'அது நான்' என்று சொல். இரண்டே வார்த்தை, நிமிஷத்துக்கு முப்பது அடிக்கிறவனுக்கு நாலு செகண்டு வேலை.

சொல்லிவிடடா.

நான் எழுந்து தடுப்பைத் தாண்டிப் போய்ச் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர் கேட்டார். வழியும் சொன்னேன்.