விசிலும் மணியும்

கண்டக்டராக இருந்து எம்.எல்.ஏ. ஆன வெள்ளிங்கிரியின் சட்டைப் பையில் பழைய விசில் இன்னும் கிடந்தது. அன்று சட்டசபையில் தன் ஊருக்கு ஒரு பஸ் கேட்டு எழுந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் சபாநாயகரின் மேசை மணி அடித்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விசிலுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மணியண்ணா, பாதியில நிறுத்திப்போட்டீங்க?"

"நிறுத்துறதுதானே தம்பி என் வேலை! நீயும் அதைத்தானே செஞ்சே?"

விசிலுக்குப் பழைய ரூட் ஞாபகம் வந்தது. புழுதி ரோடு, தலையில் தக்காளிக் கூடையோடு மூச்சிரைக்க வரும் ஒரு பெண், வெள்ளிங்கிரியின் ஒரே ஊதலில் குலுங்கி நிற்கும் பஸ்.

"நானும் நிறுத்துனவன்தானுங்கண்ணா," என்றது. "ஆராச்சும் ஓடியாந்தா, ஏத்திக்கறதுக்கு."