பரணி வைத்த சத்தம்

"அவுக வர்றதுக்குள்ள முடிச்சிரணும் தம்பி. ஒரு மணி நேரந்தான் இருக்கு" என்று வாசலைப் பார்த்தபடியே சொன்னாள் வீரலட்சுமி.

பழனிக்குமார் பையைக் கீழே வைத்தான். திண்டுக்கல்லில் மைக்செட், கீபோர்டு பழுதுபார்க்கிறவன். வீரலட்சுமியின் இறந்துபோன மகன் பரணியின் சிநேகிதன்.

தறிக்குப் பக்கத்தில் மேஜைமேல் பரணியின் சிந்தசைசர் இருந்தது. பரணி பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே வெளிநாட்டில் செய்த மின்னிசைப் பெட்டி. கீழே பியானோ மாதிரி கட்டைகள். மேலே முகப்பு முழுக்கத் திருகுகள், துளைகள், துளைக்குத் துளை கோத்த கலர் வயர்கள்.

"போட்டோ இருக்குல்ல தம்பி?"

"இருக்கும்மா. ஆக்ஸிடென்ட்டுக்கு முந்துன நாள் அனுப்புனான். எந்தத் திருகு எங்க நிக்குது, எந்த வயரு எதுல போகுதுன்னு எல்லாம் தெளிவாத் தெரியுது. ஆனா எதுக்கும்மா இப்ப?"

வீரலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"இது எதையும் ஞாபகம் வச்சுக்கிறாத பெட்டியாம்ல? திருகும் வயரும் இருக்கிறபடிதான் சத்தம், கலைச்சாப் போச்சுன்னு பரணி சொல்லுவான். கடைசியா வச்ச சத்தத்த அவுக காதுல ஹெட்போன மாட்டிக் கேக்க வச்சான். மழைக்கு முந்தி வர்ற காத்து மாதிரி இருக்குடான்னாக. புள்ள போன பெறகு, சாயங்காலம் தறிய விட்டு எந்திரிச்சதும் அதை மாட்டி, ஒரு கட்டைய அமுக்கிக் கேட்டாத்தான் அவுகளுக்குச் சோறே இறங்கும்."

"சரிம்மா..."

"நான் பாவி, அதக் கலைச்சுப்புட்டேன் தம்பி."

போன ஆயுதபூஜையன்று நடந்தது அது. தறியையும் அதில் ஓடும் நாடாவையும் துடைத்து முடித்தவளுக்கு, பிள்ளையின் தொழில் சாமானை மட்டும் சும்மா விட மனசு வரவில்லை. வயர்களைப் பிடுங்கி, திருகு திருகாக ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வைத்த பிறகுதான் திக்கென்றது. அகப்பட்ட வயரை அகப்பட்ட துளையில் செருகினாள்.

"அப்பா கண்டுபிடிக்கலையா?"

"அன்னைக்குச் சாயங்காலமும் மாட்டுனாக. செத்த நேரம் அசையல. என்னையத் திரும்பிப் பார்த்தாக. எனக்கு உசுரே இல்ல. 'அப்படியே இருக்கு லட்சுமி, ஒண்ணும் மாறல'ன்னாக. வித்தியாசம் தெரியல போலன்னு அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அன்றிலிருந்து பத்து மாதமாக அவள் கணவர் பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கேட்டுவிட்டு, தினமும் அதே வார்த்தையைச் சொல்கிறார். பெற்றவரை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வீரலட்சுமி அடுப்படியில் நின்று அழாத நாளில்லை. நாளைக்குப் பரணிக்கு முதல் வருஷத் திதி. சாமான் வாங்கத்தான் அவர் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்.

"நாளைக்காச்சும் அவுக காதுல எம்புள்ள சத்தம் விழணும் தம்பி."

பழனிக்குமார் வேலையில் இறங்கினான். போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினான். திருகுகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். முடித்ததும் சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டி ஒரு கட்டையை அமுக்கினான்.

"வந்துருச்சா தம்பி? காத்து மாதிரி இருக்கா?"

அவன் ஹெட்போன் வயரைச் சரிபார்த்தான். வேறு கட்டைகளை அமுக்கிப் பார்த்தான். பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்து மாட்டினான். பிறகு கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். உள்ளே சர்க்யூட் பலகை கருகி, பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"கலைஞ்சது மட்டுமில்லம்மா, இது அன்னைக்கே செத்துப்போச்சு. தண்ணி இறங்கி உள்ள கருகிக் கெடக்கு. விளக்கு மட்டுந்தான் எரியும். பத்து மாசமா இதுல பொட்டுச் சத்தங்கூட வந்திருக்காதே!" என்றவன், குழப்பத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பின்ன அப்பா தெனமும் இதுல என்னத்தம்மா கேட்டாரு?"