பொலேத் விற்க வந்த ஸ்டாண்டு

ஆமா, அழ வச்சாஹதான். யாரு இல்லேன்னா? நடுச்சந்தையில, ஊரு பாக்க, ஒரு விதவைப் பொண்ணை உன் தாத்தா அழ வச்சாஹ. அதுக்காவ ஈரமில்லாத மனுசன்னு சொல்லிடுவியா? வயிரவன் அண்ணன் மவன் சொன்னானாக்கும்! அவன் அப்ப பொறக்கவே இல்ல.

சைக்கிள் ரிப்பேரு பாக்க வீட்டுக்கு ஸ்டாண்டு வாங்கணும்னு நீதானே ஆரம்பிச்சே? அந்த போனைக் கீழ வை நஸீம். படத்தைப் பாத்து வாங்குறதெல்லாம் ஒரு வாங்கலா? தட்டிப் பாக்க வேணாமா?

எழுபத்தஞ்சுல வியட்நாம்ல ஆட்சி மாறுனதும் பென் தான் பஜார்ல இருந்த நம்ம துணிக்கடைய மூடியாச்சு. பெட்ரோலும் இல்ல. வெஸ்பாவுல பறந்த டாக்டரெல்லாம் சைக்கிள் மிதிச்சாரு. பஸ்ஸு கரி போட்டு ஓடுச்சு. அதுல ஏறித்தான் எங்க சைனம்பு மாமி ஒரு நிக்காஹுக்குப் போனா, வெள்ளைப் புடவையில. எறங்குனப்ப பெத்த மவளுக்கே அடையாளம் தெரியல... சரி, அது வேற கதை.

"ஊரே சைக்கிள்ல போவுது. முன் ரூமுல ரிப்பேரு கடை போடப் போறேன்"னாஹ உன் தாத்தா.

"முழம் போட்ட கைக்கு ஸ்பானர் புடிக்கத் தெரியுமா?"ன்னேன்.

"துணி கிழிஞ்சா தைக்கணும், டியூபு கிழிஞ்சா ஒட்டணும். அவ்வளவுதான்."

சைக்கிளைத் தூக்கி மாட்ட ஒரு ஸ்டாண்டு வேணும். ரெண்டு பேரும் சந்தைக்குப் போனோம். அப்பல்லாம் அவங்கவங்க வீட்டுச் சாமானை ரோட்டுல பரப்பி வச்சு வித்துட்டிருப்பாங்க. கூட்டத்துல சாதா சட்டை போட்ட போலீசும் நிக்கும்.

அங்க நின்னா பொலேத். காரைக்கால் கிறிஸ்தவப் பொண்ணு. புருசன் மாரடைச்சுத் திடீர்னு மவுத்தாயிட்டான். பொழுதன்னைக்கும் சைக்கிளைப் பிரிச்சு மாட்டிட்டிருப்பான் அவன். கட்டில், பீரோ எல்லாம் வித்துத் தின்னாச்சு. மிஞ்சுனது அவனோட ஸ்டாண்டுதான். பிரான்ஸ்ல செஞ்சது, நல்ல இரும்புக் குழாய்.

"அண்ணே, நீங்களே வாங்கிக்குங்க. இது வித்தாத்தான் இன்னிக்குப் புள்ளைங்களுக்குச் சோறு."

உன் தாத்தா தூக்கிப் பாத்தாஹ. ஆட்டிப் பாத்தாஹ. குழாயைத் தட்டிக் காதை வச்சாஹ. அடிப்பக்கம் குனிஞ்சு பாத்தாஹ. பட்டுனு நிமுந்து போட்டாஹ பாரு ஒரு சத்தம்!

"இது ஸ்டாண்டா? குப்பை! உள்ள பூரா அரிச்சுப் போச்சு. சைக்கிளை மாட்டுனா தலையில விழும். எவனாவது வாங்குவானா இதை?"

பக்கத்துல ஒரு வியட்நாம்காரன் வெலை கேட்டுட்டு நின்னான். அவனுக்கும் புரியணும்னு அவன் பாஷையிலயே ஒருக்கா சொன்னாஹ. அவன் நழுவிட்டான்.

பொலேத்துக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. "வேணாம்னா போங்கண்ணே. நான் விக்கிறதை ஏன் கெடுக்குறீங்க?"

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ! இதை வச்சுக்கிட்டு இங்க நிக்காதே!"

பக்கத்துக் கடை வயிரவன் அண்ணனும் அங்கதான் நின்னாரு. "என்ன நத்தர்ஷா பாய், இப்படியா பேசுறது?"ன்னாரு. இவஹ விறுவிறுன்னு நடையைக் கட்டிட்டாஹ. வர்ற வழி பூரா நான் ஏசுனேன்.

மஃரிப் தொழுதுட்டு, "ஒரு படி அரிசி எடு, பொலேத் வீட்டுக்குப் போவோம்"னாஹ. இடுப்புல ஸ்பானர்.

கதவைத் திறந்தவ, "மிச்சத்தையும் ஏச வந்தீங்களா?"ன்னா.

"கதவைச் சாத்து தங்கச்சி. அந்தக் குழாயோட அடி மூடியை உன் கையால கழட்டு."

கழட்டுனா. உள்ள பட்டுத்துணி அடைச்சிருந்துச்சு. அதோட நூலு நுனி சந்தையிலயே இவஹ கண்ணுல பட்டிருக்கு. துணிக்காரன் கண்ணுல்ல? தட்டுனப்பவும் கணீர்னு கேக்காம தொப்புன்னு கேட்டுச்சாம்.

துணியை இழுத்தா, சுருட்டிச் சுருட்டி வச்ச தங்கத் தகடு! புருசன் ஒளிச்சு வச்சது. சொல்லாமலே போயிட்டான்.

பொலேத் அப்படியே தரையில உக்காந்துட்டா.

திரும்பி வர்றப்ப கேட்டேன், "நாமளே வாங்கிட்டு வந்து, தங்கத்தை அவகிட்ட குடுத்திருக்கலாமே? ஊரு ஏச்சு மிச்சம்."

"குடுத்திருக்கலாம். 'பாய் எவ்வளவு எடுத்துக்கிட்டாரோ'ன்னு அவளுக்கு ஆயுசுக்கும் ஒரு நெனப்பு ஓடும். சந்தையில மெதுவா சொன்னா போலீசு காதுல விழும். அவளைத் தொரத்துறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலடி."

வெளிய சொன்னா சர்க்காரு தங்கத்தைப் புடுங்கிக்கிடுமே! பொலேத் புள்ளைங்களோட பாரீசு போய்ச் சேர்ற வரைக்கும் உன் தாத்தா ஈரமில்லாத மனுசனாவே இருந்தாஹ... ஏ நஸீம்! தூறுது பாருடி, மாடியில காயிற துணியை உள்ள கொண்டா!