மழைக்கு வீடு மாறும் புத்தகங்கள்

“புத்தகம் எல்லாம் எங்கே?”

குடையை மடக்கியபடி படியேறி வந்த ஸுப்ரியா உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். நூலகங்களை நேரில் பார்த்து அங்கீகாரத்துக்குச் சிபாரிசு செய்கிற அதிகாரி அவள். மட்டாஞ்சேரியின் இந்தச் சின்ன நூலகத்தில் மேசை இருந்தது, நாற்காலிகள் இருந்தன, அன்றைய நாளிதழ்கள்கூட இருந்தன. அலமாரிகள் மட்டும் துடைத்து வைத்தது போலக் காலி.

“வீடுகள்ல இருக்கு மேடம்,” என்றாள் நூலகர் அன்ஸியா. “மழைக்காலம் இல்லையா? ஓணத்துக்கு எல்லாம் திரும்பி வந்துடும்.”

“யார் வீட்டுல?”

“எல்லார் வீட்டுலயும்தான்.”

ஸுப்ரியாவுக்குச் சுர்ரென்று வந்தது. ஆலுவாவிலிருந்து கொட்டுகிற மழையில் மூன்று பஸ் மாறி வந்தவளிடம் சொல்கிற பதிலா இது? அவள் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். ஆபீசில் நாள் முழுக்க மலையாளம்தான். கோபம் மட்டும் தமிழில்தான் வரும்.

“என்ன விளையாட்டு இது? நான் பார்க்கறப்போ புத்தகம் இல்லேன்னா, இல்லேன்னுதான் எழுதுவேன். அங்கீகாரம் போச்சுன்னா நீங்க இதைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

அன்ஸியாவின் முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டு நிமிஷம் கேளுங்க மேடம். அப்புறம் எழுதுங்க,” என்று கெஞ்சினாள்.

“இந்த லைப்ரரி ஆரம்பிச்சதே ஒரு சுக்கு குடோன் மூலையிலதான். தமிழ்நாட்டுலேருந்து வந்த வியாபாரிங்களும் மூட்டை தூக்கறவங்களும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் பக்கத்துக் காயல் பொங்கி உப்புத் தண்ணி தெருவுக்குள்ள ஏறி, புத்தகம் மொத்தமும் நனைஞ்சு போச்சு. சுக்கு காயப்போடற களத்துலயே பரப்பிக் காயவச்சாங்களாம். பாதிதான் தேறிச்சு. அன்னிக்கு எடுத்த முடிவுதான் மேடம் இது. மழை தொடங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு அடுக்கு எடுத்துட்டுப் போய், நனையாம காப்பாத்தித் திருப்பித் தரணும். எங்க வாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த வழக்கம்.”

“கதை நல்லாத்தான் இருக்கு. புத்தகத்தைக் காட்டுங்க.”

“வாங்க, போலாம்.”

முதல் வீடு செல்லப்பாவுடையது. பஜாரில் மூட்டை தூக்குகிறவர். பரணிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிய கட்டை, தூங்குகிற குழந்தையை இறக்குவது போல இறக்கினார். ஒரு புத்தகத்தின் நடுவில் பீடிக்கட்டு லேபிள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

“படிக்கிறீங்களா?” என்று கேட்டாள் ஸுப்ரியா.

“நானா? நல்ல கதை மேடம்! எனக்கெதுக்குப் புஸ்தகம்? லைப்ரரிக்குள்ள தண்ணி ஏறினா பாழாப் போயிருமேன்னு வச்சிருக்கேன், அவ்வளவுதான். அடையாளம் வச்சது எங்க வீட்டுக்காரியா இருக்கும்.”

“எனக்கு எழுத்துக் கூட்டவே வராது!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ரோஜாவின் குரல் கேட்டது. செல்லப்பா அவசரமாக, “சாயா குடிச்சிட்டுப் போங்க மேடம்,” என்றார்.

அடுத்தது தையல்காரி சுல்ஃபத்தின் வீடு. வாசற்படியைத் தாண்டிக் காயல் தண்ணீர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். இரும்பு பீரோவின் மேல்தட்டில் புத்தகங்கள் ராஜாபோல வீற்றிருந்தன. அங்கே இருந்திருக்க வேண்டிய பட்டுப் புடவைகளோ கட்டிலில் மூட்டையாகக் கிடந்தன.

“வாசிக்க எல்லாம் நமக்கு எங்க மேடம் நேரம்? சும்மா காவல்தான்,” என்றாள் சுல்ஃபத். ஸுப்ரியா நூலக முத்திரையைப் பார்க்க ஒரு புத்தகத்தை எடுத்ததும், “அதுல மட்டும் ஜாக்கிரதை, கடைசியில அழவச்சிரும்,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இப்படியே தெரு முழுக்கப் போனார்கள். எல்லா வீட்டிலும் புத்தகம் இருந்தது. எல்லாரும் ஒரே குரலில், படிப்பதில்லை, பாதுகாக்கிறோம் என்றார்கள். ஸுப்ரியாவின் கோபம் எந்த வீட்டு வாசலில் கழன்று விழுந்ததோ, அவளுக்கே தெரியாது. தங்கள் வீடு நனைந்தாலும் பொதுச் சொத்து நனையக் கூடாது என்று நினைக்கிற மனிதர்களை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மனசு நிறைந்துபோய்த்தான் நூலகத்துக்குத் திரும்பினாள்.

“அங்கீகாரத்துக்கு நான் பொறுப்பு, கவலைப்படாதீங்க,” என்று பேனாவைத் திறந்தாள். அன்ஸியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“இன்னொண்ணும் எழுதப் போறேன். இந்தத் தரையை உயர்த்திக் கட்ட உதவி செய்யணும்னு. பாவம், அடுத்த மழையிலேருந்து அவங்களுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம்.”

“ஐயோ மேடம், அது மட்டும் வேண்டாம்!”

“ஏன்?”

அன்ஸியா வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தரையை உயர்த்திக் கட்டிப் பத்து வருஷம் ஆச்சு. இப்ப இந்தத் தெருவுலயே தண்ணி ஏறாத ஒரே இடம் இதுதான்.”

ஸுப்ரியாவின் பேனா நின்றது. “அப்புறம் எதுக்கு, நனையற வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பறீங்க?”

“வந்து படிங்கன்னு கூப்பிட்டா, ‘நமக்கெதுக்கு இதெல்லாம்’னு கூச்சப்பட்டுப் போயிடறாங்க. காப்பாத்திக் குடுங்கன்னா ஓடி வந்து அள்ளிட்டுப் போறாங்க.”

“அடப்பாவமே! அவங்களை ஏமாத்தறது தப்பில்லையா? விஷயம் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

“தெரியாம என்ன மேடம்?” என்றாள் அன்ஸியா. “தரையை உயர்த்த மண்ணு சுமந்து கொட்டினதே செல்லப்பா அண்ணன்தான்.”