புது டிசைன்

கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு புது பிராசஸரிலும் பழைய புரோகிராம்கள் ஓடுவதற்கான பகுதியை அமைத்துத் தரவேண்டும்.

“என்னைப் புது டிசைன் டீம்ல போடுங்க சார்” என்று கெஞ்சிப் பார்த்தாள்.

“அந்தப் பகுதி உங்களை விட்டா யாருக்கும்மா தெரியும்?” என்றே மேனேஜர் தட்டிக் கழித்தார்.

மூச்சு முட்டிப்போய், போட்டிக் கம்பெனிக்கு மாறினாள்.

முதல் நாளே அங்கிருந்த மேனேஜர் வரைபடத்தை விரித்தார். “முழுக்கப் புது டிசைன்!”

அவள் முகம் மலர்ந்தது. “இதுல எனக்கு என்ன வேலை சார்?”

“என்னதான் புதுசுன்னாலும், பழைய புரோகிராம் ஓடலைன்னா எவன் வாங்குவான்? அந்தப் பகுதியை நீங்க பாத்துக்கணும்.”

அவள் வரைபடத்திலிருந்து நிமிர்ந்தாள். “இதுவரைக்கும் யார் பாத்தாங்க?”

“ஒருத்தர் பத்து வருஷமா பாத்தாரும்மா. புதுசா ஏதாவது செய்யணும்னு, போன வாரம்தான் உங்க பழைய கம்பெனிக்குப் போனாரு.”