ஆளுக்கு ஒரு பெட்டி

“ஆளுக்கு ஒரு பெட்டிதான், ஓர்வல். சரக்குத் தட்டுப்பாடு.”

நடீன் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னாள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அக்கா கோரா வேண்டுமென்றே இருமினாள். இருமாமல் என்ன செய்வாள்? பின்னறையில் அதே தோட்டாப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. அன்று காலையில்தான் ஒரு போலீஸ்காரருக்குக் கேட்டவுடன் நாலு பெட்டி எடுத்துக் கொடுத்திருந்தாள் நடீன்.

“அதுக்கென்ன, ஒண்ணு போதும்” என்றார் ஓர்வல், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஓர்வல். மனைவி போய் ஆறு வருடம். நடீனின் கணவர் போய் நாலு. மோன்டானாவில் அந்தச் சின்ன ஊருக்கு இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடையை அதன் பிறகு நடீன்தான் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பது வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை, அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தார். தனியாக இருக்கிறேன், தற்காப்புக்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டார். என்ன அளவு என்று இவள் கேட்டதற்கு, கண்ணாடி அலமாரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்பது மில்லிமீட்டர் என்றார். அவ்வளவுதான், நடீன் பிடித்துக்கொண்டாள். தோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. குறி அட்டையைச் சுட்டுப் பழகுவதற்கு, முழுக்கச் செம்பு உறை போட்ட மலிவுத் தோட்டா போதும். இடுப்பில் வைத்துக்கொள்வது வேறு. அதற்கு முனையில் குழி இருக்க வேண்டும். பட்ட இடத்தில் விரிந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கிற அப்பாவியைத் தொடுகிற ஆபத்து குறைவு.

“விளம்பரத்த எல்லாம் நம்பாதீங்க. உங்க துப்பாக்கியில எது சிக்காம ஓடுதோ அதான் நல்ல தோட்டா. இதுல எரநூறு சுட்டுப் பாருங்க. ஒண்ணுகூடச் சிக்கலன்னா, அப்புறம் நம்பி இடுப்புல வைங்க. அதுவரைக்கும் வைக்காதீங்க.”

பெட்டிக்கு இருபது தோட்டா. பத்துப் பெட்டியையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டால் மனுஷர் மறுபடி எதற்கு வரப் போகிறார்? அந்த நொடியில் அவள் வாயில் பிறந்ததுதான் தட்டுப்பாடு. எப்போதோ நிஜமாகவே சரக்கு கிடைக்காத வருடம் ஒன்று இருந்தது. அப்போது எழுதிய ‘ஆளுக்கு ஒரு பெட்டி’ பலகை பின்னறையில் கிடந்தது. ஓர்வலின் வண்டிச் சத்தம் கேட்டதும் அதை எடுத்து மாட்டுவாள். அவர் போனதும் கழற்றி வைத்துவிடுவாள்.

“அறுபத்தோரு வயசுல உனக்கு இது தேவையாடி?” என்று கோரா கேட்டபோது, தேவைதான் என்று சொல்லிவிட்டாள் நடீன்.

ஓர்வலும் வாரம் தவறவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் அவரே காய்ச்சிய செர்ரி ஜாம் ஒரு புட்டி. எப்படிப் போகிறது என்று கேட்டால், இதுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை என்பார். கடைக்குப் பின்னாலேயே சுடுதளம் இருக்கிறதே, இங்கேயே சுடலாமே என்றால், எனக்குக் கூச்சம் என்று நழுவிவிடுவார். பிறகு அரை மணி நேரம் தோட்டாவைப் பற்றிச் சந்தேகம் கேட்பார். இவளும் சளைக்காமல் சொல்லுவாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நடீனுக்கு அந்த அரை மணிக்குக் காத்திருப்பதாகவே போயிற்று.

இன்று பத்தாவது பெட்டி. அதை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள் நடீன்.

“இதோட எரநூறு முடிஞ்சுது. இனிமே உங்களுக்கு இங்க வரவேண்டிய வேலை இல்ல.”

“ஆமால்ல” என்றார் ஓர்வல். பெட்டியை எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

மேஜைக்கு அடியில் கோரா தங்கையின் காலை ஓங்கி மிதித்தாள். மிதி வேலை செய்தது. நடீன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். “வேணும்னா ஒரு கடைசிச் சோதனை வைப்போம். நாளைக்கு மத்தியானம் துப்பாக்கிய எடுத்துட்டு வாங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். அப்புறம் ரெண்டு பேருமா எங்கயாவது சாப்பிடப் போலாம்.”

ஓர்வலின் முகம் வெளிறிவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனார். ஐயோ, அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டோமே என்று நடீனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர்வல் திரும்பி வந்தார்.

அவர் வாயைத் திறக்குமுன் நடீன் கொட்டிவிட்டாள். “தட்டுப்பாடு எல்லாம் பொய், ஓர்வல். உள்ள மலை மாதிரி கிடக்கு. நீங்க வாராவாரம் வரணும்னுதான் அப்படிச் சொன்னேன்.”

ஓர்வல் அவளையே பார்த்தார். அவருடைய காதும் சிவந்தது. அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் அடுக்கினார். ஒன்பது தோட்டாப் பெட்டிகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“நாளைக்குக் கண்டிப்பா வர்றேன், நடீன்” என்றார் அவர். “ஆனா இதுக்குப் பொருந்தற மாதிரி ஒரு துப்பாக்கி காட்டுங்க. என் ஜென்மத்துல நான் துப்பாக்கியே வச்சிருந்ததில்ல.”