சேதி சொல்ல வந்தவர்

அட்டெண்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றதுமே பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சுற்றறிக்கையோடு வந்தால் பெரும்பாலும் விடுமுறைதான்.

இன்று அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

சற்று முன் அலுவலகத்துக்கு போன் வந்தது. உள்ளே பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் பேராசிரியரின் மைத்துனன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "அக்கா போயிட்டா. மாமாவைக் கொஞ்சம் பக்குவமா அனுப்பி வைங்க."

கேட்டதும் அலுவலகத்தில் ஆளாளுக்கு வேலை முளைத்துவிட்டது. பூனைக்கு மணி கட்டும் பொறுப்பு கடைசியில் அட்டெண்டர் தலையில் விழுந்தது. பிள்ளைகள் முன்னால் போட்டு உடைத்துவிடாதே, வெளியே கூப்பிட்டுச் சொல் என்று முதல்வர் அனுப்பிவைத்தார்.

பேராசிரியர் இந்த மாதம் முழுக்க இரவில் ஆஸ்பத்திரி, பகலில் கல்லூரி என்று ஓடிய மனுஷன். இன்று காலையில்கூட, வீட்டுக்காரி கண் திறந்து பார்த்தாள் என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"சார், ஒரு நிமிஷம்."

பேராசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நம்ம படத்துல ஹீரோ நெஞ்சுல நாலு குண்டு பாயும். அப்பவும் அம்மா, தங்கச்சி, காதலின்னு எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிட்டுத்தான் கண்ணை மூடுவான்." வகுப்பே சிரித்தது. "பழைய கிரேக்க நாடகத்து ஹீரோவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சாவு பெரும்பாலும் மேடைக்குப் பின்னாலயே முடிஞ்சிடும். ஒருத்தன் வந்து சேதி சொல்லுவான். அவனுக்கு ஒரு பேர்கூட இருக்காது."

அட்டெண்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

"வாங்கண்ணே," என்று பேராசிரியர் அவர் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். "இதோ, சேதி சொல்ல வந்தவர்."

கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

அட்டெண்டர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். எதோடு விளையாடுகிறோம் என்று தெரியாமல் விளையாடுகிறாரே, பாவி மனுஷன். அத்தனை பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்தார்கள். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம்.

"இவர் வாயைத் திறக்கிற வரைக்கும்," பேராசிரியர் வகுப்பைப் பார்த்தே சொன்னார், "அந்த வீட்டுல எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க. புரியுதா?"

பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

மணி அடித்தது. வகுப்பு காலியானது. பேராசிரியர் மட்டும் பிடித்த கையை விடவில்லை. அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அட்டெண்டர் மென்று முழுங்கினார். "சார், வீட்டுல அம்மா..."

"இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாதீங்கண்ணே." பேராசிரியர் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தார். "வெறுங்கையோட நீங்க என் கிளாசுக்கு வந்ததே இல்லை."

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து குவிந்தார்கள். அட்டெண்டர் வாயை இறுக மூடிக்கொண்டு அவரோடு நின்றார்.